யாருக்காக அழுகிறான்?

அன்புள்ள வாசக நண்பருக்கு,

'போர்ப் படங்களில், நாட்டுக்காகச் சண்டை போட்டவனைக் கடைசியில் ஏன் அழவைக்கிறார்கள்? வீரனைக் கோழையாக்கும் வேலைதானே இது?' என்று கோபமாகக் கேட்டிருந்தீர்கள். அழட்டுமே. யாருக்காக அழுகிறான் என்றுதான் நான் பார்ப்பேன்.

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' (2014) பார்த்திருப்பீர்கள். நாயகன் கிறிஸ் கைல் நிஜ மனிதர். ஈராக்கில் 160 பேரைச் சுட்டதாகக் கணக்கு. படத்தில் எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண்ணையும் சிறுவனையும் சுடுகிறார். கைலின் சுயசரிதையில் பெண் மட்டும்தான். சிறுவனைச் சேர்த்தது சினிமா. படத்தில் பிற்பாடு மருத்துவர் கேட்கும்போது, சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் கடவுளிடம் பதில் சொல்லத் தயார் என்கிறார். காப்பாற்ற முடியாமல்போன சகவீரர்கள்தான் மனதை அரிக்கிறார்களாம். இந்த வருத்தத்தால் தேசபக்திக்கு ஒரு சேதாரமும் இல்லை. சொல்லப்போனால் அதற்குத் தீனி.

ஆனால் அதே படத்தில் ஓர் இடம் உண்டு. இன்னொரு சிறுவன், தெருவில் கிடக்கும் ராக்கெட் லாஞ்சரைத் தூக்கத் திணறுகிறான். விசையில் விரல் வைத்தபடி, 'எடுக்காதடா' என்று கைல் முணுமுணுக்கிறார், கெட்ட வார்த்தையோடு. பையன் அதைப் போட்டுவிட்டு ஓடியதும் இவருக்கு மூச்சு வாங்குகிறது. மருத்துவரிடம் சொன்ன பதிலைவிட இந்த மூச்சைத்தான் நான் நம்புகிறேன்.

இஸ்ரேல் இயக்குநர் ஆரி ஃபோல்மன் இன்னும் ஒரு படி போனார். 1982 லெபனான் போரில் அவர் இளம் சிப்பாய். 'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008) அவருடைய சொந்தக் கதை. நண்பரின் கனவில் 26 நாய்கள் துரத்துகின்றன. மனிதரைச் சுட மனம் வராதவர் என்று ஊர்நாய்களைச் சுடும் வேலையை அந்த நண்பருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நாயும் அவருக்கு நினைவிருக்கிறது. ஃபோல்மனுக்கோ எதுவுமே நினைவில்லை. தேடிப்போனால், சப்ரா, ஷதிலா அகதி முகாம்களில் பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்ட இரவு, இஸ்ரேல் படை ஏவிய வெளிச்சக் குண்டுகள் வானத்தில் எரிய, அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அதுவரை அனிமேஷனாக ஓடிய படம் அங்கே நிஜக் காட்சியாக மாறுகிறது: கதறும் பெண்கள், பிணங்கள். மாண்டவர்களுக்குக் கடைசிச் சில நிமிடங்கள்தானா என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் அவர்களைக் காட்டத் துணிந்தாரே!

ஈஸ்ட்வுட்டே 2006இல், ஜப்பானிய வீரர்களின் பக்கம் நின்று 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' எடுத்தவர்தான். அதில், இறந்துபோன அமெரிக்கச் சிப்பாய்க்கு அவன் தாய் எழுதிய கடிதத்தை ஜப்பானிய அதிகாரி ஒருவர் தம் வீரர்களுக்கு வாசித்துக் காட்டுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். அவர்கள் கோழைகளா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்