பிள்ளை பார்க்கப் போகும் மகளுக்கு

கோம்பை

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. சென்னையில் வேலைக்குப் போகும் ஒரு தம்பதியின் எட்டு மாதக் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள நீ போகப்போவதாக உன் அம்மா சொன்னாள். "பிள்ளை தூக்குறதுக்கு என்னக்கா படிப்பு, தம்பியவே வளத்தவதானே அவ" என்றும் சொன்னாள். வளர்த்தவள்தான். உன் அம்மா விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டால், பொழுது சாயும்வரை அவனை இடுப்பிலேயே வைத்திருந்தவள் நீ. ஆனால் அப்போது நீ ஒருத்தியாகவா பார்த்தாய்? திண்ணையில் அப்பத்தா இருந்தாள், எதிர்வீட்டில் மதினி இருந்தாள். அவன் வாசல்படி தாண்டினால் நாலு பேர் சத்தம் போடுவார்கள். அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திவிட்டால் நீயும் குழந்தையும் மட்டும்தான். அந்த நாலு பேர் கண்ணும் உனக்கு ஒருத்திக்கே வேண்டும். அங்கன்வாடியில் ஊர்ப்பிள்ளைகளோடு காலம் கழித்தவள் என்பதால் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

போன முதல் நாள் குழந்தை தவழும் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து வீடு முழுக்கப் பார். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதது அப்போது தெரியும்: கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரை, ரிமோட்டிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரி, தொங்கும் சார்ஜர் வயர். பேட்டரியை முழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். குளியலறையில் வாளித் தண்ணீரை நிறைத்து வைக்காதே. தலைகுப்புற விழுந்த குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீரே எமன்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். ஊரிலிருந்து பாசமாகப் பன்னீர் திராட்சை கொண்டுபோவாய். நம்ம பள்ளத்தாக்குத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் முழுத் திராட்சை குழந்தையின் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். தோலும் விதையும் நீக்கி மசித்துக் கொடு. வேர்க்கடலை, பொட்டுக்கடலை எதையும் முழுசாகக் கையில் கொடுக்காதே. தேனை ஒரு வயதுவரை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதே. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து பச்சைக் குடலில் நஞ்சாகிவிடும். யார் பழக்கம் என்று சொன்னாலும் வேண்டாம்.

அப்படியும் தொண்டையில் அடைத்துவிட்டால்? குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடு. சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால் உன் முன்கையில் குப்புறப் படுக்கவை, தலை தாழ்ந்திருக்கட்டும், தாடையைக் கையால் தாங்கிக்கொள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. வரும்வரை மாற்றி மாற்றிச் செய். யாராவது இருந்தால் அதற்குள் 108-க்குப் போன் போடச் சொல், இல்லையென்றால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையை நிறுத்தாமல் செய். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதே, இன்னும் உள்ளே போய்விடும்.

தூங்க வைத்தால் மல்லாக்கப் படுக்கவை, தலையணை, கனத்த போர்வை வேண்டாம். சேலைத் தொட்டில் கட்டினால் கொக்கியையும் முடிச்சையும் தினமும் இழுத்துப் பார். சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. பேஸ்ட், மை, நெய் எதுவும் தடவாதே. வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்கவேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மருந்தென்றால் குழந்தையின் அம்மா எழுதிக் கொடுத்த பெயர், அளவு, நேரம் மட்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பசியாற்றி, துணி மாற்றி, தூக்கி நடந்தும் ஓயாமல் அழும் நாள் வரும். உனக்கே பொறுமை போய் உடம்பு நடுங்கும். அப்போது குழந்தையைப் பத்திரமாகத் தொட்டிலில் விட்டு, பக்கத்து அறையில் நின்று தண்ணீர் குடி, கொஞ்ச நேரம் கழித்து வா. அழுத குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிடித்துக் குலுக்கிவிடாதே. அந்தக் குலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகும், உயிரும் போகும்.

விழுந்ததோ, இருமியதோ, சாப்பிடாததோ, சாயங்காலம் தாய் வந்ததும் உள்ளதைச் சொல்லிவிடு. பயந்து மறைத்தால் மருத்துவருக்கும் தெரியாமல் போகும். அவளும் பகலெல்லாம் அலுவலகத்தில் மனசைக் குழந்தையிடம் விட்டுவிட்டு இருப்பவள்தான். தூங்கிய நேரம், குடித்த அளவு என்று நோட்டில் குறித்து வை, மகிழ்ந்துபோவாள். உன் போன் குழந்தையோடு இருக்கும் நேரம் பையிலேயே இருக்கட்டும். ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, போனைச் சோற்றுக்கு வேடிக்கையாகக் காட்டாதே.

உன் பங்கையும் பேசிக்கொள். சம்பளம், வார விடுமுறை, ஊருக்கு வரும் நாள், நீ படுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள், எல்லாம் கிளம்புமுன்னே முடிவாகட்டும். ஆதார் நகல் கொடு, அசலைக் கொடுக்காதே. வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் நலவாரியம் இருக்கிறது, உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பதிந்துகொள்.

வரும் புதன்கிழமை தடுப்பூசி போட நர்ஸம்மா அங்கன்வாடிக்கு வருவார். தொண்டை அடைப்புக்கு அந்தத் தட்டலை ஒரு பொம்மையை வைத்து உனக்குச் செய்துகாட்டச் சொல்லியிருக்கிறேன். காலை பத்து மணிக்கு வந்துவிடு.

அன்புடன்,
உன் பெரியம்மா