ஒளியும் பொன்துகளும்

இருட்டறையில் ஒரு கைவிளக்கை ஏற்றி, அதன் முகப்பை விரல்களால் மூடிப் பாருங்கள். விளக்கு உமிழ்வது வெண்ணிற ஒளி. விரல்களின் வழியே கசிவதோ செந்நிற ஒளி. நீலத்தையும் பச்சையையும் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்ள, சிவப்பே தசையைக் கடந்து வருகிறது. சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் சற்று ஆழம் செல்லவல்லது. உடலினுள் வளரும் புற்றுக்கட்டியை ஒளியால் அழிக்க முனைந்தோர் தேர்ந்துகொண்ட வாயில் அதுவே.

புற்றணுவைக் கொல்லும் நஞ்சுகள் பல உண்டு. அவற்றைக் கட்டியில் மட்டும் செயற்படுத்துவதே கடினம். வேதிமருந்து குருதியோடு உடலெங்கும் பரவுகிறது. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் அதன் விளைவுகளே.

இதற்கொரு வழி தற்செயலாகப் புலப்பட்டது. 1900இல், மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர், அக்ரிடின் என்ற சாயம் பாரமீசியங்களை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று ஆராய்ந்தார். ஒரே அளவு சாயம். எனினும் விடைகள் மாறிமாறி வந்தன. ஆய்வறையின் வெளிச்சமே அம்மாற்றத்துக்குக் காரணம் எனக் கண்டார். சாயமும் ஒளியும் சேர்ந்தபோதே அவை விரைவாக மடிந்தன. சாயம் தான் பெற்ற ஒளியாற்றலை ஆக்சிஜனுக்கு அளிக்கிறது; வீறுகொண்ட அந்த ஆக்சிஜன் உயிரணுவைச் சிதைக்கிறது. இம்முறையில் அமைந்த போட்டோஃபிரின் என்னும் மருந்துக்கு, சிறுநீர்ப்பைப் புற்றுக்காக, 1993இல் கனடா ஒப்புதல் அளித்தது. ஆனால் அம்மருந்து தோலிலும் தங்கிவிடும். ஒளியால் நலம்பெற வந்தவர் குறைந்தது 30 நாள் வெயிலுக்கு அஞ்சி வாழவேண்டியிருந்தது!

அடுத்த வழியைத் திறந்தது பொன். நகையில் மஞ்சளாக மின்னும் பொன், மிகச்சிறு துகள்களாய் நீரில் மிதக்கும்போது மாணிக்கச் சிவப்பாகத் தோன்றும். மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இதை ஆராய்ந்தார். துகளின் அளவும் வடிவமும் மாறினால் அது உறிஞ்சும் ஒளியும் மாறும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நவோமி ஹாலஸ், ஜெனிபர் வெஸ்ட் ஆகியோரின் குழுவினர், சிலிக்கா உருண்டைமீது மெல்லிய பொன்னோடு போர்த்திய நானோ துகள்களைப் பயன்படுத்தினர். ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர். இத்துகளின் குறுக்களவு ஏறத்தாழ 150 நானோமீட்டர். அண்மை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சூடேறும் இத்துகள்கள், தம்மைச் சூழ்ந்த புற்றணுக்களை வெப்பத்தால் அழிக்கின்றன. 2019இல் வெளியான முதற்கட்ட ஆய்வில், புராஸ்டேட் புற்றுநோயர் 16 பேருள் 15 பேருக்கு இச்சிகிச்சை வெற்றியுடன் நிறைவேறியது. அங்கும் ஒளி வெளியிலிருந்து சென்று சேரவில்லை. மெல்லிய ஒளியிழைகளைச் சுரப்பிக்குள் செலுத்தவேண்டியிருந்தது.

இன்று 'அறிதிறன் பொருள்கள்' என வழங்கப்படுபவை இன்னும் ஒருபடி மேலானவை. பெயரைக் கண்டு மயங்கவேண்டா; தொட்டாற்சிணுங்கிக்கு உள்ள அளவே இவற்றுக்கும் அறிவு! சூழல் மாறும்போது நிலை மாறும், அவ்வளவே. புற்றணுக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றி வெளியேற்றுகின்றன. தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலந்தான். குருதியின் அமிலகார எண் 7.4 ஆக இருக்க, கட்டியைச் சூழ்ந்த நீர்மத்தில் அது பெரும்பாலும் 7க்கும் கீழே இறங்குகிறது. ஆய்வகங்களில் உருவாக்கப்பட்ட சில பொன்துகள்கள், குருதியின் நிலையில் தனித்தனியே மிதந்து, அமிலச் சூழலை அடைந்ததும் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. திரண்ட பின்னரே அவை அகச்சிவப்பு ஒளியை வலுவாக உறிஞ்சுகின்றன. நலமுள்ள திசுவில் அதே ஒளி பட்டாலும் பெரிதாகச் சூடேறுவதில்லை.

ஆயினும் துகள் கட்டியைச் சென்றடைய வேண்டுமே! பத்தாண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து டொரண்டோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட கணக்கு அதிர்ச்சி தருவது. உடலில் செலுத்திய துகள்களுள் கட்டியை அடைந்தவை, இடைநிலை அளவாக, 0.7 விழுக்காடே. எஞ்சியவற்றில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அங்கு ஒளி பாய்ச்சப்படுவதில்லையாதலால் சுடும் அச்சமில்லை. ஆனால் பொன் எளிதில் கரைவதில்லை, நெடுங்காலம் தங்கிவிடும். சிறுநீரகம் வடித்து வெளியேற்றவேண்டுமாயின் துகள் ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கும் சிறியதாக இருக்கவேண்டும். ஒளியை நன்கு உறிஞ்சுவதற்கோ பெரிய அமைப்பு தேவை. ஆகவே கட்டியில் திரண்டு நின்று, பணி முடிந்தபின் சிறு துணுக்குகளாய் உடைந்து சிறுநீர்வழி வெளியேறும் துகள்களை உருவாக்க இன்று முயன்று வருகின்றனர்.