அம்மாவின் மாத்திரை டப்பா

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. தினமும் பதினொரு மாத்திரை. எல்லாமே தேவைதானா? யாரிடம் கேட்பது?
– வாசகி, பாபநாசம்

பதில்: டப்பாவில் இருப்பதையெல்லாம் அட்டையோடு ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். லேகியம், வலி மாத்திரை எதையும் விடாதீர்கள். கூட்டமில்லாத பிற்பகலில் மருந்தகத்துக்குப் போய், பதிவுபெற்ற மருந்தாளுநரிடம் காட்டுங்கள். சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, வேறு யாரோ மருந்தெடுத்துக் கொடுக்கும் கடை வேண்டாம். மருந்து குறித்து ஆலோசனை சொல்வதும் மருந்தாளுநரின் வேலைதான் என்கின்றன 2015-ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிகள்.

அட்டையில் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாக இருக்கும். மருந்தின் பெயர் பொடி எழுத்தில். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினே, கும்பகோணத்துத் தனியார் டாக்டரின் சீட்டில் வேறு பெயரில் இருக்கலாம். இரண்டையும் விழுங்கினால் கால் வீங்கலாம். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை, அதனால் தலைசுற்றல், தலைசுற்றலுக்கு இன்னொன்று! மூட்டுவலி மாத்திரையோ ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு இருந்தால் கட்டாயம் கேளுங்கள். வயதானவர்களுக்குச் சர்க்கரையைத் தடாலென இறக்கிவிடும். ஏகாதசி, கிருத்திகை என்று அம்மா பட்டினி கிடந்தால் ஆபத்து அதிகம்.

நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மருந்தாளுநர் சொல்வதை எழுதி வாங்கி, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொடுங்கள். குறைப்பதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு.