வலை அட்டைக்கு எதை ஒப்படைக்கலாம்?

முன்னுரை

ஒரு வேலையை யார் செய்வது என்னும் வினா நிருவாகத் துறைக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறிக்குள்ளும் அது ஓயாமல் எழுகிறது. மையச் செயலகம் எல்லாவற்றையும் தானே செய்வதா? சிலவற்றைத் துணைக் கருவிகளிடம் ஒப்படைப்பதா? காட்சித் திரைகளை இயக்கும் துணைச் செயலகங்களைப் பற்றி 1968-இல் மையர், சதர்லாந்து ஆகிய இருவரும் ஒரு கட்டுரை எழுதினர். துணைக் கருவிக்குச் சிறுகச் சிறுகத் திறன் கூட்டிக்கொண்டே போனால் அதுவே ஒரு முழுக் கணிப்பொறியாகிவிடுகிறது. பிறகு அதற்கே ஒரு துணைக் கருவி தேவைப்படுகிறது. இந்தச் சுழற்சிக்கு அவர்கள் 'மறுபிறவிச் சக்கரம்' என்று பெயரிட்டனர்.

இதே சக்கரம் வலையமைப்புத் துறையிலும் சுழன்றுள்ளது. சர்வர் கணிப்பொறியின் செயலகம் செய்துவந்த டி.சி.பி. நெறிமுறைப் பணியை வலை அட்டைக்கு மாற்றும் முயற்சியைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்கிறேன். என் முடிவை முதலிலேயே கூறிவிடுவது நல்லது. உரையாடலின் நினைவு தேவைப்படாத வேலையைத் தயங்காமல் அட்டைக்குக் கொடுக்கலாம். நினைவும் முடிவெடுக்கும் பொறுப்பும் தேவைப்படும் வேலையை, தவறு கண்டவுடன் நாமே திருத்தக்கூடிய இடத்தில்தான் வைக்க வேண்டும்.

தொடக்கக் காலம்

வலையமைப்புப் பணிக்குத் தனிக் கணிப்பொறி வைப்பது புதிய யோசனை அன்று. அர்ப்பாநெட் வலையை அமைக்கும்போது, ஒவ்வொரு நிலையத்தின் பெரிய கணிப்பொறிக்கும் முன்னால் ஒரு சிறு கணிப்பொறியை நிறுத்தலாம் என்று 1967-இல் வெஸ்லி கிளார்க் கூறினார். அவ்வாறு அமைந்ததே 'ஐ.எம்.பி.' என்னும் இடைமுகக் கணிப்பொறி. ஹனிவெல் 516 வகையைச் சேர்ந்த முதல் ஐ.எம்.பி. 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. பொட்டலங்களை வழியனுப்புவதும், இணைப்பில் பிழை நேர்ந்தால் மீண்டும் அனுப்புவதும் அதன் கடமைகளாக இருந்தன.

பின்னர் வானொலி வலை, செயற்கைக்கோள் வலை எனப் பல்வேறு வலைகளை ஒன்றாக இணைக்க வேண்டிய நிலை வந்தது. இடைப்பட்ட வலைகள் அனைத்தும் ஒரே அளவு நம்பத்தக்கவை என்று கொள்ள முடியவில்லை. ஆகவே நம்பகத்தன்மைக்கான பொறுப்பு இரு முனைகளிலுமுள்ள கணிப்பொறிகளுக்கே மாற்றப்பட்டது. செர்ஃப், கான் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட இக்கருத்தே டி.சி.பி. ஆக வளர்ந்தது. 1983 சனவரி 1-ஆம் நாள் அர்ப்பாநெட் இந்நெறிமுறைக்கு மாறியது. இவ்வாறு வேலை மீண்டும் மையச் செயலகத்திடம் வந்து சேர்ந்தது.

டி.சி.பி. செய்யும் பணிகள்

நாம் அனுப்பும் செய்தியை டி.சி.பி. துண்டுகளாக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் இடுகிறது; பிழை கண்டறியச் சரிபார்ப்புத் தொகை ஒன்றைக் கணக்கிட்டுச் சேர்க்கிறது. மறுமுனையிலிருந்து ஒப்புகை வராவிடில் மீண்டும் அனுப்புகிறது. பெறுபவரிடம் இடமில்லையெனில் நிறுத்திக்கொள்கிறது. வழியில் நெரிசல் இருப்பதாகத் தோன்றினால் வேகத்தைக் குறைக்கிறது.

இப்பணிகள் இரு வகைப்படும். துண்டாக்குதல், எண்ணிடுதல், கூட்டுதல் ஆகியவை எழுத்தர் வேலை போன்றவை. எப்போது மீண்டும் அனுப்புவது, எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்பவை பொறுப்பாளர் எடுக்கும் முடிவு போன்றவை. இவ்வேறுபாட்டை நண்பர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு சிறு கணக்கு

ஈதர்நெட் பொட்டலம் ஒன்று வழக்கமாக 1,500 பைட் செய்தியைச் சுமக்கும். தலைப்பு, முன்னடையாளம், இடைவெளி ஆகியவற்றையும் சேர்த்தால் கம்பியில் அது 1,538 பைட் இடம் பிடிக்கும். அதாவது 12,304 பிட்.

விநாடிக்கு 1 கோடி பிட் செல்லும் பழைய ஈதர்நெட்டில் இத்தகைய பொட்டலம் 1.23 மில்லி விநாடிக்கு ஒன்று வரும். விநாடிக்குப் பத்து இலட்சம் ஆணைகளை நிறைவேற்றும் கணிப்பொறி எனக் கொண்டால், ஒரு பொட்டலத்திற்கு 1,230 ஆணைகள் செலவிடலாம். 2002-இல் தரப்படுத்தப்பட்ட 10 கிகாபிட் ஈதர்நெட்டில் அதே பொட்டலம் 1.23 மைக்ரோ விநாடிக்கு ஒன்று வரும். அதாவது விநாடிக்கு 8 இலட்சத்துக்கும் மேல். 3 கிகாஹெர்ட்ஸ் செயலகத்திற்கு ஒரு பொட்டலத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3,690 துடிப்புகள். 2010-இல் வந்த 100 கிகாபிட் ஈதர்நெட்டில் கிடைப்பதோ 369 துடிப்புகளே. முதன்மை நினைவகத்தை ஒருமுறை அணுகுவதற்கே இதில் பெரும்பகுதி செலவாகிவிடும். ஒப்படைப்பு என்னும் எண்ணம் ஏன் பிறந்தது என்பதற்கு இக்கணக்கே போதும்.

செலவு உண்மையில் எங்கே?

நெறிமுறை சிக்கலானது, ஆகவே செயலகம் திணறுகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் கிளார்க், ஜேக்கப்சன், ராம்கி, சால்வென் ஆகியோர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. வழக்கமான ஒரு பொட்டலத்தை டி.சி.பி. கையாள ஏறத்தாழ 200 ஆணைகளே தேவை என்று அவர்கள் கணித்தனர். பெருஞ்செலவு வேறிடத்தில் இருந்தது. செய்தியின் ஒவ்வொரு பைட்டையும் நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகலெடுப்பது, அதனைக் கூட்டிச் சரிபார்ப்பது, இடையீட்டுக் குறிப்புகளுக்குச் செவிசாய்ப்பது, இயக்க அமைப்பின் பிற ஏற்பாடுகள் ஆகியவையே அச்செலவு.

இடையீடு பற்றி ஒரு சொல். பொட்டலம் வரும்போதெல்லாம் அட்டை செயலகத்தை இடைமறித்தால், மிகுந்த நெரிசலில் செயலகம் இடையீட்டுக்குப் பதில் சொல்வதிலேயே காலம் கழித்துப் பயனுள்ள வேலை எதையும் செய்யாது போகும். மோகல், இராமகிருஷ்ணன் ஆகியோர் 1990-களில் இந்நிலையை ஆராய்ந்தனர். பல பொட்டலங்களுக்குச் சேர்த்து ஒருமுறை மட்டும் தெரிவிக்குமாறு அட்டைகள் பின்னர் அமைக்கப்பட்டன.

நினைவு வேண்டாத பணிகள்

எழுத்தர் வேலைகளுள் மூன்று, அட்டைக்கு நன்கு பொருந்தின.

முதலாவது, சரிபார்ப்புத் தொகை. செய்தியை 16 பிட் எண்களாகக் கொண்டு கூட்டுவதே இது. ஒரு பொட்டலத்தின் தொகைக்கு மற்றொரு பொட்டலத்தின் நினைவு தேவையில்லை.

இரண்டாவது, துண்டாக்குதல். இயக்க அமைப்பு 64 கிலோபைட் வரையிலான பெரிய செய்தியையும் ஒரு மாதிரித் தலைப்பையும் கொடுத்துவிடும். அட்டை அதனை 1,460 பைட் வீதம் ஏறத்தாழ 45 துண்டுகளாக்கும். தலைப்பை நகலெடுத்து, வரிசை எண்ணை மட்டும் உயர்த்திக்கொண்டே அனுப்பும். 45 முறை நடக்க வேண்டிய வேலை செயலகத்தில் ஒரேமுறை நடக்கிறது. அட்டை எந்த முடிவும் எடுப்பதில்லை.

மூன்றாவது, பங்கீடு. வரும் பொட்டலத்தின் இரு முகவரிகளையும் இரு துறை எண்களையும் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டு, இன்ன செயலக உட்கருவுக்கு இது உரியது என்று அட்டை பிரித்துவிடும். ஓர் உரையாடலின் பொட்டலங்கள் ஒரே உட்கருவுக்குச் செல்வதால் வரிசை குலைவதில்லை.

எளிய சரிபார்ப்புத் தொகையை ஒப்படைப்பதிலும் ஒரு நுட்பமான இழப்பு உண்டு. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகியோரின் 1984-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. எம்.ஐ.டி.யில் வலைகளை இணைத்த ஓர் இடைக் கணிப்பொறி, செய்தியை உள்ளே நகலெடுக்கும்போது பத்து இலட்சம் பைட்டுக்கு ஒருமுறை என்னும் அளவில் இரு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. ஒவ்வோர் இணைப்பிலும் சோதனை இருந்தது. பிழையோ இணைப்புகளுக்கு நடுவில், கணிப்பொறிக்குள் நேர்ந்தது. அவ்வழியே சென்ற மூலநிரல்கள் கெட்டுப்போயின. பழைய அச்சுப்படிகளோடு கையால் ஒப்பிட்டுத் திருத்த நேர்ந்தது. 2000-இல் ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் ஆகியோர் அளந்தபோதும், இணைப்புச் சோதனைகள் இருந்த வலைகளிலேயே 1,100 முதல் 32,000 பொட்டலங்களுக்கு ஒன்று டி.சி.பி. சோதனையில் தவறியது.

அட்டை தொகையைக் கணக்கிட்டால், நினைவகத்திலிருந்து அட்டைக்கு வரும் வழியில் நேரும் பிழை அதில் அகப்படாது. கெட்ட செய்திக்கே சரியான தொகை இடப்பட்டுவிடும். ஆகவே முதன்மையான கோப்புகளுக்குப் பயன்பாட்டு நிரலே தனிச் சோதனை வைத்துக்கொள்வது நன்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு செய்முறைக் குறிப்பு. லினக்ஸ் கணிப்பொறியில் 'எத்டூல்' என்னும் கட்டளையால் எவை ஒப்படைக்கப்பட்டுள்ளன என்று பார்க்கலாம். அனுப்பும் கணிப்பொறியிலேயே 'வயர்ஷார்க்' கொண்டு பொட்டலங்களைப் பிடித்தால், சரிபார்ப்புத் தொகை தவறாகவும் பொட்டலம் 1,500 பைட்டைக் கடந்தும் தோன்றலாம். அது வலையின் குற்றமன்று. அட்டை தன் வேலையைத் தொடங்குமுன் நாம் பார்த்துவிடுகிறோம், அவ்வளவே.

முழு ஒப்படைப்பு

எழுத்தர் வேலையோடு நில்லாமல், டி.சி.பி. முழுவதையும் அட்டைக்கே கொடுத்துவிடும் முயற்சியும் நடந்தது. 1997-இல் தொடங்கப்பட்ட அலாக்ரிடெக் போன்ற நிறுவனங்கள் இதற்கென அட்டைகள் செய்தன. மைக்ரோசாப்ட் தன் சர்வர் விண்டோஸில் 'சிம்னி' என்னும் பெயரால் இதற்கு இடமளித்துப் பின்னர்க் கைவிட்டது. லினக்ஸைப் பராமரிப்போர் 2005-இல் இதனை ஏற்க மறுத்தனர். மோகல் 2003-இல் எழுதிய கட்டுரையில் இது பொதுப் பணிக்கு ஏற்ற யோசனையன்று என்பதற்குப் பல காரணங்களை அடுக்கினார். அட்டையிலுள்ள செயலகம் மையச் செயலகத்தின் வளர்ச்சிக்கு ஈடுகொடுப்பதில்லை. குறுகிய உரையாடல்களில், அட்டையோடு பேசும் செலவே மிச்சப்படும் செலவை விழுங்கிவிடும். அட்டையின் நினைவகம் எத்தனை உரையாடல்களைத் தாங்கும் என்பதற்கும் எல்லை உண்டு.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு என்பது என் கருத்து. அது திருத்தம்.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே வலை ஏறத்தாழ நின்றுபோயிற்று. இரண்டுக்கும் இடையிலான தொலைவு 400 கெஜமே. விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக வீழ்ந்தது. நெரிசலில் தொலைந்த பொட்டலங்களை எல்லாக் கணிப்பொறிகளும் அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியது. நெரிசலுக்கேற்ப வேகத்தைக் குறைத்து மெல்ல ஏற்றும் முறைகளை வான் ஜேக்கப்சன் வகுத்து 1988-இல் வெளியிட்டார். இணையம் பிழைத்தது. அம்மருந்து ஒரு நிரல் மாற்றமே. டி.சி.பி. அன்று எண்ணற்ற அட்டைகளுக்குள் பதிக்கப்பட்டிருந்தால், அத்தனை அட்டைகளையும் மாற்றியல்லவா தீர்வு கண்டிருக்க வேண்டும்!

இது பழங்கதை அன்று. லினக்ஸின் டி.சி.பி. பகுதியில் இருந்த ஒரு குறையால், தொலைவிலுள்ள எவரும் சில பொட்டலங்களை அனுப்பிக் கணிப்பொறியை நிலைகுலையச் செய்யலாம் என்பது 2019 சூனில் வெளியிடப்பட்டது. நெட்பிளிக்ஸ் நிறுவனப் பொறியாளர் ஒருவர் இதனைக் கண்டறிந்தார். அறிவிப்போடு திருத்தமும் வந்தது. நிரல் பொதுவிடத்தில் இருந்ததால் எவரும் அதைப் படித்துத் தம் கணிப்பொறியைத் திருத்திக்கொள்ள முடிந்தது. நெறிமுறை அட்டைக்குள் இருப்பின், ஒவ்வோர் உற்பத்தியாளரும் திருத்தம் தரும்வரை காத்திருக்க வேண்டும். விற்பனை நின்றுபோன அட்டைக்குத் திருத்தம் தருவார் யார்?

சக்கரம் மீண்டும் சுழல்கிறது

இருப்பினும் முழு ஒப்படைப்பு அடியோடு மறைந்துவிடவில்லை. பெருந்தரவு மையங்களில் 'ஆர்.டி.எம்.ஏ.' என்னும் முறை வழங்குகிறது. அதில் அட்டையே நெறிமுறையை நடத்தி, செய்தியை மறுகணிப்பொறியின் பயன்பாட்டு நினைவகத்தில் நேராக வைத்துவிடும். நகலெடுக்கும் செலவு ஒழிகிறது. அங்கே இரு முனைகளும் இடைவழியும் ஒரே உரிமையாளருடையவை. ஆகவே மாற்றம் தேவைப்படின் ஒருவரே முடிவெடுத்து முழுவதையும் மாற்றலாம்.

மைக்ரோசாப்டின் அசூர் சர்வர்களில் 2015-இன் இறுதியிலிருந்து, மெய்நிகர்க் கணிப்பொறிகளுக்குப் பொட்டலங்களைப் பகிர்ந்தளிக்கும் பணி அட்டைக்கு மாற்றப்பட்டது. அதற்கென அவர்கள் தேர்ந்தது, மின்சுற்றையே பின்னர் மாற்றி அமைக்கக்கூடிய சில்லு. வேகத்தோடு மாற்றத்திற்கும் வழி வேண்டும் என்பதே அத்தேர்வின் காரணம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். செலவு எங்கே ஆகிறது என்று அளந்த பின்னரே ஒப்படைப்பைப் பற்றிப் பேச வேண்டும். நினைவு வேண்டாத வேலையை ஒப்படைப்பது எளிது. அதிலும் எந்தச் சோதனையை இழக்கிறோம் என்று தெரிந்திருத்தல் வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பை ஒப்படைப்பதாயின், அதனைத் திருத்தும் உரிமையும் ஆற்றலும் நம் கையில் இருத்தல் வேண்டும்.

வேகத்தை விலைக்கு வாங்கலாம். ஆனால் நாளை தோன்றப்போகும் பிழை எது என்பதை இன்று எவரும் அறியார். ஆகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது 'இது எவ்வளவு விரைவாக ஓடும்?' என்று கேட்பதோடு, 'இது பழுதானால் யார் திருத்துவார்?' என்றும் கேட்கும் பழக்கத்தை, கணிப்பொறி பயிலும் நாம் மாணவப் பருவத்திலேயே கைக்கொள்ள வேண்டும்.