வீட்டுத்தோட்டத்தில் கடுகுக் கீரை

கடுகு தாளிதத்திற்கு மாத்திரம் உரியதன்று. அதன் இளம் இலையும் உயிர்ச்சத்து மிகுந்த நல்ல கீரையாகும். இதனைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிப்புளி சேர்த்துச் சம்பலாக உண்ணலாம்.

நிலம்: வெயில் படுவதும் கிணற்றுக்கு அண்மையில் உள்ளதுமான இடத்தைத் தெரிந்து, 3 அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி அமைக்குக. நன்கு உக்கிய கூட்டெருவையே இடுதல் வேண்டும். பச்சைச் சாணியை இட்டால் அதிலுள்ள நோய்க்கிருமிகள் இலையிற் படியும்.

விதைத்தல்: காலபோகப் பெருமழை தணிந்தபின் விதைத்தல் நன்று. 9 அங்குல இடைவெளியில் வரிசையிட்டு, விதையை மணலுடன் கலந்து, கால் அங்குல ஆழத்தில் தூவுக. சில நாட்களில் முளைக்கும். பின்பு 6 அங்குலத்துக்கு ஒரு செடியாக விட்டு ஏனையவற்றைக் களைக. களைந்தவையும் கறிக்கு உதவும். இரு வாரத்துக்கு ஒரு வரிசையாக விதைத்துவரின் கீரை தொடர்ந்து கிடைக்கும்.

பறித்தல்: ஏறக்குறைய நான்கு வாரத்தில் வெளியிலைகளைப் பறிக்கத் தொடங்கலாம். நீர் குறைந்தாலும் வெப்பம் மிகுந்தாலும் செடி விரைவிற் பூக்கும். இலை நாராகிக் காரமும் கடுக்கும். அவ்விலையை எறியாது வேகவைத்தால் காரம் தணியும்.

பீடை: மயிர்க்கொட்டிகளைக் கையாற் பொறுக்கி அழிக்குக. அழுக்கணவனுக்கு அதிகாலையிற் சாம்பல் தூவலாம். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தெளிக்கும் பீடைநாசினியை இங்கு தெளித்தலாகாது; காற்றோடு வந்து படாதவாறும் பாத்தியை விலக்கி அமைத்தல் வேண்டும். நம் சிறுவர் பச்சையாக உண்ணும் இலை இது என்பதைக் கமக்காரர் மறவாதிருப்பாராக.