கற்றுப் பெறும் செல்வம்

நுழையும்முன்

கண்ணின் நிறமும் முடியின் இயல்பும் பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வருகின்றன. பேசும் மொழியும் உண்ணும் முறையும் அவ்வாறே வருவனவா? மானிடவியல் இவ்வினாவிற்குத் தரும் விடையை, கர்நாடக எல்லையில் அமைந்த ஒசூர்ப் பகுதி மக்களின் வாழ்வைக்கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

பண்பாடு என்பது யாது?

அன்றாட வழக்கில் நற்குணம் உடையவரைப் ‘பண்பாடு உடையவர்’ என்கிறோம். மானிடவியலில் இச்சொல்லின் பொருள் விரிவானது. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகியவற்றோடு, சமுதாயத்தின் உறுப்பினராக மனிதர் பெறும் பிற திறன்களும் சேர்ந்த முழுமையே பண்பாடு என இங்கிலாந்து அறிஞர் எட்வர்டு பர்னெட் டைலர் 1871ஆம் ஆண்டு வரையறுத்தார். இதன்படி பண்பாடு இல்லாத மக்கள் எவரும் இலர். ‘பெறும்’ என்னும் சொல் இங்குக் கருதத்தக்கது. பண்பாடு கற்றுப் பெறுவதேயன்றிப் பிறப்பில் அமைவதன்று.

களி கற்பிக்கும் பாடம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கேழ்வரகு மிகுதியாக விளைகிறது. அதன் மாவைக் கிளறி உருட்டிய உணவைத் தமிழர் ‘களி’ என்பர். கன்னடர் ‘முத்தே’ என்பர். தெலுங்கர் ‘சங்கட்டி’ என்பர். சிறிது கிள்ளிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். முதன்முறை உண்பவருக்கு இஃது எளிதன்று. இங்கு வளரும் குழந்தையோ பெரியவர்களுடன் அமர்ந்து, பார்த்தே பழகிவிடுகிறது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என, எவரிடம் எம்மொழியில் பேசுவது என்பதையும் எவரும் வகுப்பெடுக்காமலே அறிந்துகொள்கிறது. இவ்வாறு பார்த்தும் கேட்டும் திருத்தப்பட்டும் தன் சமுதாயத்தின் வாழ்முறையை உள்வாங்குவதைப் ‘பண்பாட்டு வயமாதல்’ என்பர்.

புதியவரும் கற்பர்

1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் பின்னர் ஒசூரில் தொழில் வளாகம் அமைத்தது. சுற்றுச் சிற்றூர்களிலிருந்து மட்டுமன்றி, ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் இங்கு வந்தனர். கதிரவனைக்கொண்டு பொழுதறிந்த உழவர் மகன், ஆலையின் ஷிப்டு நேரத்திற்கு வாழப் பழகினார். வடமாநிலத் தொழிலாளரின் குழந்தை தெருவில் விளையாடித் தமிழைக் கற்றது. வெவ்வேறு பண்பாட்டினர் தொடர்ந்து பழகுவதால் நிகழும் இம்மாற்றம் ‘பண்பாட்டேற்பு’ எனப்படும். மக்களிடையே காணும் பண்பாட்டு வேறுபாடுகளுக்குப் பிறந்த இனம் காரணமன்று என மானிடவியலறிஞர் ஃபிரான்ஸ் போவாஸ் வலியுறுத்தினார். பிறப்பினால் எம்மொழியையும் எத்தொழிலையும் கற்க இயலாதவர் எனும் மக்கட்பிரிவு ஏதும் இல்லை.

கற்றதை மாற்றலும் இயலும்

கற்றவை அனைத்தும் காக்கத்தக்கவை அல்ல. இம்மாவட்டத்தின் மலைக்கிராமங்கள் சிலவற்றில் குழந்தைத் திருமணம் இன்னும் முற்றிலும் அகலவில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறையுமுன் நடக்கும் திருமணத்தை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. எனினும், ‘இஃது எங்கள் வழக்கம்’ என்பார் உளர். வழக்கமும் ஒரு தலைமுறை மற்றொன்றிற்குக் கற்பித்ததே. கற்பிப்பார் இல்லையெனில் அது நின்றுவிடும். பதினோராம் வகுப்புப் பயிலும் அக்காள், ‘தங்கையும் படிக்கட்டும்’ என்று வீட்டில் சொல்லும்போது அவ்வீடு புதிய வழக்கமொன்றைக் கற்கத் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. எவரும் சொல்லித்தராமல் நீங்கள் கற்றுக்கொண்ட மூன்று பழக்கங்களை எழுதுக.
2. உங்கள் ஊர் வழக்கங்களுள் காக்க வேண்டியது ஒன்று, கைவிட வேண்டியது ஒன்று குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.