கரியமில வாயு பெருகினால் களைக்கும் கொண்டாட்டமா?

பயிருக்கு உணவு கரியமில வாயு. இலைகள் அதை உறிஞ்சி, சூரிய ஒளியின் உதவியால் மாவுப் பொருளாக மாற்றுகின்றன. அப்படியானால் காற்றில் இந்த வாயு கூடக்கூட விளைச்சலும் கூடத்தானே வேண்டும் என விவசாயிகள் கேட்பது நியாயமே. ஆனால் வயலில் நிற்பது பயிர் மட்டுமல்லவே!

1958ம் ஆண்டு ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, 10 லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது.

இந்த வாயுவைப் பயன்படுத்தும் முறையில் பெரும்பாலான பயிர்கள் இரு வகைப்படும். நெல், நிலக்கடலை, பருத்தி, பயறு வகைகள் ஒரு வகை. வாயு கூடுதலாகக் கிடைத்தால் இவை செழித்து வளரும். சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு ஆகியவை மற்றொரு வகை. இவை இருக்கிற வாயுவையே இலைக்குள் செறிவாக்கிக் கொள்வதால், கூடுதல் வாயுவால் ஆதாயம் சொற்பமே. அறுகு, கோரை, குதிரைவாலிப் புல் ஆகிய களைகளும் இந்த இரண்டாம் வகைதான்.

இந்தக் கணக்குப்படி நெல்லுக்கு யோகம் என்று தோன்றும். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வில் நெல்லையும் குதிரைவாலி இனப் புல்லையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். 1996ல் முடிவு வெளியானது. வாயுவை மட்டும் கூட்டியபோது நெல் முந்தியது. வெப்பத்தையும் சேர்த்துக் கூட்டியபோது புல் முந்திவிட்டது. வாயு பெருகினால் வெப்பமும் ஏறும் என்பதால், இரண்டாவது முடிவைத்தான் கவனிக்க வேண்டும்.

சோளக் கொல்லையில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க ஆய்வில், வாயு கூடிய சூழலில் மருளூமத்தை சோளத்தை மிஞ்சியது.

நெல் விவசாயிகள் அஞ்ச வேண்டியது களை நெல்லுக்குத்தான். இளம் பருவத்தில் நெல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். அறுவடைக்கு முன்பே மணி உதிர்ந்து மண்ணில் தங்கிவிடும். இதுவும் நெல் இனமே என்பதால் கூடுதல் வாயுவின் பலன் இதற்கும் உண்டு. பயிர் நெல்லைவிட அதிகமாகவே பெறுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நடவைவிட நேரடி விதைப்பில் இதன் தொல்லை அதிகம்.

களைக்கொல்லியை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. வாயு கூடிய சூழலில், வேர் மூலம் பரவும் ஒருவகை முட்செடி மண்ணுக்கடியில் வேரைப் பெருக்கிக்கொண்டதால், கிளைபோசேட் தெளித்த பிறகும் மீண்டும் துளிர்த்தது.

ஆகவே விதைப்புக்கு முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, களைகளை முளைக்கவிட்டு, பிறகு உழுது அழிக்க வேண்டும். களை நெல் கலக்காத சான்று பெற்ற விதையையே வாங்க வேண்டும். வரிசை நடவு வயலில் நட்ட 10ம் நாள் முதல், 10 நாட்களுக்கு ஒருமுறை கோனோவீடர் ஓட்டலாம். களை நெல் தப்பி வளர்ந்திருந்தால், மணி உதிருமுன் கதிரை அறுத்து வயலுக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். வரப்பில் போட்டு வைக்கக் கூடாது.